வெளியே போகலாமா, டீச்சர்?

டீச்சர் அழவில்லை. துப்பறிவாளர் நிதானத்துக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

இருபத்திரண்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெண்மணி. ஆறு நாளாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்று மூன்று மணிக்கு விசாரணை. அதில் வேலை மொத்தமாகவே போனாலும் போகலாம். அப்படிப்பட்டவர் கதவைத் திறந்து, "வாங்க, செருப்பை ஓரமா விடுங்க" என்றார், மீட்டர் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோல. பிறகு கம்ப்யூட்டர் இருந்த அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

நிதானம் என்பது துப்பறிவாளருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. நகர்கிற பேருந்தில் வாழ்நாளில் ஏறாத மனிதர் என்பதால் ஊர் வைத்த பெயர். காலையில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு நேரே இங்கே வந்திருந்தார். ஊசியின் புண்ணியத்தில் இடப்பக்க உதடு தன்னுடையதா பக்கத்து வீட்டுக்காரருடையதா என்று அவருக்கே தெரியவில்லை.

"சார் இன்னைக்குப் பேச மாட்டார், வாயில பஞ்சு இருக்கு. நான்தான் பேசுவேன்" என்றாள் ஆபரேட்டர். "தினமும் நான்தான் பேசறேன். இன்னைக்கு அதுக்கு டாக்டர் சீட்டு இருக்கு."

தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் லைன் கொடுத்து ஓய்வு பெற்றவள் ஆபரேட்டர், இப்போது நிதானத்துக்குத் துணை. வயது ஐம்பத்தெட்டு. காது கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. கம்ப்யூட்டரில் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். நிதானத்துக்கு அதை ஆன் பண்ணத் தெரியும், கோபம் வந்தால் ஆஃப் பண்ணவும் தெரியும்.

அவர்களை வரவழைத்தவர் டீச்சரின் கணவர். வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஜன்னல் திரை தைத்து மாட்டிக் கொடுப்பவர். அந்தத் தெருவில் அவரைக் கர்ட்டன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. சட்டைப் பையில் துணியில் குறி போடுகிற தடித்த மார்க்கர். மனைவி அசையாமல் உட்கார்ந்திருக்க, இவர் அவருக்கும் சேர்த்து இரண்டு மடங்கு அசைந்துகொண்டிருந்தார்.

"ஹேக்கர் மேடம். வேற யாரும் இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள எவனோ புகுந்துட்டான். நீங்க அதைக் கண்டுபிடிச்சு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும், மூணு மணிக்கு அதைக் காட்டிடலாம்."

"இருங்க சார். திருடனைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி திருட்டைச் சொல்லுங்க" என்றாள் ஆபரேட்டர்.

டீச்சர்தான் சொன்னார். கரும்பலகையில் எழுதிப் போடுகிற குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல்.

பொதுத்தேர்வுக்குக் கணக்கு வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு அவருக்கு வந்திருந்தது. மொத்தம் மூன்று பக்கம். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அடித்து முடித்தார். திங்கள் மாலை ஆறு மணிக்கு மறுபடி படித்தபோது பதினேழாம் கேள்வியில் ஒரு பிழை கண்ணில் பட்டது. ஒரு முக்கோணத்தின் கோணங்கள் அறுபது, அறுபது, எழுபது என்று இருந்தன. கடைசியை அறுபது ஆக்கினார். திருத்திய தாளை அச்செடுத்து, பழையதை அழித்து, செவ்வாய் காலையில் உறை ஒட்டிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஊரிலுள்ள பிள்ளைகளின் போனிலெல்லாம் வினாத்தாளின் படம் சுற்றியது. தேர்வைத் தள்ளி வைத்தார்கள். அந்தப் படத்தில் பதினேழாம் கேள்வி அறுபது, அறுபது, எழுபது என்றே இருந்தது.

"கூட்டினா நூத்தித் தொண்ணூறு" என்றாள் ஆபரேட்டர். "அப்படி ஒரு முக்கோணம் உலகத்துலேயே கிடையாதே."

"இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும் இருந்துச்சு. ஞாயிறு மூணு மணியிலிருந்து திங்கள் ஆறு மணி வரைக்கும்" என்றார் டீச்சர். "அதனாலதான் நான்னு சொல்றாங்க. அவங்க சொல்றதுல தப்பு இல்ல."

மற்றவர் கணக்கைச் சரி என்று டிக் அடிக்கிற மாதிரி அதைச் சொன்னார். கர்ட்டன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கம்ப்யூட்டர்ல ஃபயர்வால் இருக்கா?" என்று கேட்டாள் ஆபரேட்டர்.

"இருக்கு. இதைப் பாருங்க." டீச்சர் மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

ஃபயர்வால் என்பது வீட்டுக் கம்ப்யூட்டரின் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரன். வெளியிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் தடுக்கும். உள்ளிருக்கும் ஒவ்வொரு புரோகிராமும் இன்டர்நெட்டுக்குக் கிளம்பும்போது, இது போகலாமா கூடாதா என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி போட்டு வீட்டுக்காரரைக் கேட்கும். பத்து நாள் கேட்டால் யாருக்கும் சலித்துவிடும். இனிமேல் கேட்காதே என்று கீழே ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஊரில் பாதிப் பேரின் காவல்காரன் இப்படித்தான் வாசலில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான்.

டீச்சருக்குச் சலிக்கவில்லை. நோட்டில் கோடு போட்டு நான்கு பத்தி: நேரம், யார், எங்கே, அனுமதி. நான்கு வருடமாக ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் எழுதி வைத்திருந்தார்.

"கிளாஸ்ல பசங்க எழுந்து நின்னு 'வெளியே போகலாமா டீச்சர்'னு கேட்பாங்க இல்ல? இதுவும் அதே கேள்விதான்" என்றார். "ஒருத்தன் போனா அவன் திரும்பி வர்ற வரைக்கும் இன்னொருத்தனை விட மாட்டேன். அந்தக் கட்டத்துல நான் டிக் போட்டதே இல்ல. கேட்காம வெளிய போற பழக்கம் ஒருத்தனுக்கு வந்தா வகுப்பே கெட்டுப்போயிடும்."

"எங்க வீட்டுல நான் ஒருத்தன்தான் கேட்காம வெளிய போறவன்" என்று கர்ட்டன்காரர் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்காததால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

ஆபரேட்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஃபயர்வால் தன் பங்குக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கும், யாரை விட்டது, யாரைத் தடுத்தது என்று. அதையும் டீச்சரின் நோட்டையும் பக்கத்தில் வைத்து, ஞாயிறு மூன்று மணியிலிருந்து திங்கள் ஆறு மணிவரை வரிக்கு வரி விரலால் ஒத்துப் பார்த்தாள்.

"ஞாயிறு மூணே கால், பிரிண்டர், கூடாது. சரி. மூணரை, மெயில், போகலாம். சரி. வெளியிலிருந்து தட்டினது பதினோரு தடவை, ஒருத்தனுக்கும் கதவு திறக்கல. சபாஷ்." விரல் நின்றது. "நோட்டுல பதினாலு வரி. இங்க பதினஞ்சு."

நிதானம் குனிந்தார்.

"திங்கள் காலை பதினொண்ணு நாப்பது. பிரிண்டர். போகலாம். இனிமேல் கேட்காதேன்னு டிக் வேற விழுந்திருக்கு."

"திங்கள் பதினொண்ணு நாப்பதுக்கு நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன்" என்றார் டீச்சர். கேள்வி வருமுன்பே பதில்.

ஆபரேட்டரின் கண் கர்ட்டன்காரர் பக்கம் திரும்பியது.

"அது... நானா இருக்கும்" என்றார் கர்ட்டன்காரர். "ஒரு வாடிக்கையாளருக்குத் துணி டிசைன் ஒண்ணு பிரிண்ட் எடுத்தேன். என்னவோ பெட்டி வந்து கேட்டுச்சு. அமுக்கிட்டேன். நோட்டுல எழுத மறந்துட்டேன். அந்த வழியாத்தான் ஹேக்கர் வந்திருப்பானா மேடம்?"

அவர் குரலில் பயம் இருந்தது. கூடவே கொஞ்சம் ஆசையும் இருந்ததை நிதானம் கவனித்தார். டீச்சர் கணவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆபரேட்டர் உதட்டைப் பிதுக்கினாள். "பிரிண்டரை ஆன் பண்ணினா அது தன் கம்பெனிக்குப் போன் போட்டு, நான் சௌக்கியம்னு ஒரு வார்த்தை சொல்லும். அவ்வளவுதான். அனுப்பின அளவும் இங்கேயே இருக்கு, கடுகளவு. ஒரு பக்கத்தோட படம் பூசணிக்காய் அளவு இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவங்களை நான் பார்த்திருக்கேன். கடுகுக்குள்ள மறைச்சவங்களைப் பார்த்ததில்ல."

"அப்போ ஃபயர்வால் வேலை செய்யலையா?"

"பிரமாதமா வேலை செஞ்சிருக்கு சார். சிக்கலே அதுதான். யாரும் உள்ள வரல, எதுவும் வெளிய போகல. இதைக் கொண்டு போய்க் காட்டினா, திருடன் இல்ல, அப்போ டீச்சர்தான்னு இன்னும் கெட்டியா எழுதுவாங்க."

கர்ட்டன்காரர் பேயறைந்தவர் மாதிரி நின்றார். "பால் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. ஆனால் நிதானம் வேறொன்றை அசைபோட்டுக்கொண்டிருந்தார். அவர் உதடு ஒத்துழைக்க மறுத்தது. பஞ்சை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, அன்றைய முதல் வாக்கியத்தைப் பேசினார்.

"போட்டோவுல எத்தனை பக்கம்?"

ஆபரேட்டர் போனை எடுத்துப் பார்த்தாள். "ஒண்ணுதான். மூணாம் பக்கம்."

"வீடு புகுந்த திருடன் ஏன் மூணாம் பக்கத்தை மட்டும் எடுத்துட்டுப் போறான்?"

ஆபரேட்டர் போனில் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். வேறு பக்கம் இல்லை.

"டீச்சர், ஞாயிற்றுக்கிழமை அச்செடுத்தீங்களா?"

"எடுத்தேன். திரையில படிச்சா கண்ணு ஏமாத்தும், காகிதத்துலதான் பிழை தெரியும். ரெண்டு பக்கம் வந்துச்சு. மூணாவது சிக்கி நசுங்கிடுச்சு. அதை இழுத்துக் கிழிச்சுப் போட்டுட்டு பிரிண்டரை அணைச்சுட்டேன். மூணாம் பக்கத்தை மட்டும் திரையில படிச்சேன். அதனாலதான் அந்தப் பிழை அன்னைக்குக் கண்ணுல படல."

"கம்ப்யூட்டரையும் அணைச்சீங்களா?"

"இல்ல. பிரிண்டரை மட்டும்தான்."

ஆபரேட்டர் தலையில் அடித்துக்கொண்டாள். "சிக்கின பக்கம் வரிசையிலேயே காத்துட்டு இருந்திருக்கும் சார்! மறுபடி பிரிண்டரை ஆன் பண்ணினதும், விட்ட இடத்துலேர்ந்து அதை அடிச்சுத் தள்ளியிருக்கும். மறுநாள் பதினொண்ணு நாப்பதுக்கு!"

"பிரிண்டர் பதினொண்ணு நாப்பதுக்கு முழிச்சுதுன்னு காவல்காரன் எழுதி வெச்சிருக்கான். அவன் வேலை முடிஞ்சுது" என்றார் நிதானம். "போட்டோவைப் பெருசாக்குங்க."

படத்தில் கேள்விகளுக்கு நடுவே அங்கங்கே சாம்பல் நிறத்தில் மங்கலான கறைகள் இருந்தன. விசாரணைக் குழு அதை அழுக்கு என்று விட்டிருந்தது. நிதானம் கறையை உற்றுப் பார்த்தார். காகிதத்தின் பின்பக்கம் தடித்த மையால் யாரோ எழுதியது ஊறி முன்பக்கம் வந்திருந்தது. இடம் வலமாக மாறியிருந்ததால் எழுத்தென்று தெரியவில்லை.

"ஒரு கண்ணாடி வேணும்" என்றார்.

"கண்ணாடியும் வேணாம் சீப்பும் வேணாம், போன்லயே திருப்பலாம்." ஆபரேட்டர் விரலால் தட்டினாள். கறைகள் புரண்டு எண்களாயின. "ஆறு. நாப்பத்திநாலு, அம்பத்தெட்டு. அப்புறம் கதவு ஒண்ணு. என்ன சார் இது, ராசி எண்ணா?"

"அங்குலம்" என்றார் நிதானம். "ஆறு ஜன்னல். ஆறும் ஒரே அளவு. ஒரே கதவு. வீடா இது?"

"வீட்டுல சமையலறை ஜன்னலும் ஹால் ஜன்னலும் ஒண்ணா இருக்காதே." ஆபரேட்டரின் குரல் தணிந்தது. "வகுப்பறை. ஒரே ஒரு அறைன்னா பள்ளிக்கூடமும் இல்ல."

நிதானம் டீச்சர் பக்கம் திரும்பினார். "இங்கேருந்து நடந்து போற தூரத்துல டியூஷன்..."

"ஒண்ணுதான் இருக்கு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால, மாடியில" என்றார் டீச்சர். கைகள் மடியிலேயே இருந்தன.

படியிறங்கும்போது ஆபரேட்டர் கேட்டாள், "அந்தம்மா இருக்கிறது எனக்குச் சரியாப் படல சார். கத்தணும், அழணும், நம்ம கழுத்தையாவது பிடிக்கணும். எதுவும் இல்லையே?"

"திருடன் யார்னு ஒரு தடவைகூடக் கேட்கல, கவனிச்சீங்களா?" என்றார் நிதானம்.

டியூஷன் மாடியில் ஆறு ஜன்னல் இருந்தன. நான்கில் புதுப் பச்சைத் திரை தொங்கியது. மீதி இரண்டில் ஒன்றுமில்லை. வெயில் நேராக பெஞ்சில் விழ, அந்த வரிசைப் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வர்க்கமூலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். டியூஷன் மாஸ்டர் கழுத்து வேர்வையைத் துடைத்தபடி எழுந்து வந்தார்.

"கர்ட்டன் விஷயமா வந்தோம்" என்றாள் ஆபரேட்டர், ஒரு சொட்டுக் கூச்சமில்லாமல்.

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! நாலு ஜன்னலுக்கு மாட்டினார். ரெண்டு பாக்கி. வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஆளையே காணோம். போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிறார். நல்ல மனுஷன், என்ன ஆச்சுன்னே தெரியல."

வெள்ளிக்கிழமை என்ற சொல் நிதானத்தின் காதில் ஊசி மாதிரி இறங்கியது. உதட்டை மரக்கவைத்த மருந்தும் அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தது. தாடையில் வலி தலை நீட்டியது.

"அளவுச் சீட்டு இருக்கா? அவர் எப்பவும் வாடிக்கையாளர்கிட்ட ஒண்ணு குடுத்துட்டுத்தான் போவாராமே" என்று ஒரு கல்லை விட்டுப் பார்த்தாள் ஆபரேட்டர்.

"ஆமா ஆமா, அப்புறம் அளவு தப்புன்னு சண்டை வரக்கூடாதாம்." மாஸ்டர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "நானே படிக்கிறேன், எழுதிக்குங்க. நாப்பத்திநாலு..."

"பேனா இல்லையே மாஸ்டர். மேசையில வைங்க, ஒரு படம் எடுத்துக்கிறேன்."

மாஸ்டர் தயங்கினார். பிறகு தாளை மேசைமேல் வைத்து, ஓரத்தை ஐந்து விரலாலும் அழுத்திக்கொண்டார். கர்ட்டன்காரரின் தடித்த மார்க்கர் எழுத்து மேலே தெரிந்தது. நிதானம் அந்த ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக, மரியாதையாக எடுத்து விட்டார். தாளைத் திருப்பினார். மூன்றாம் பக்கம்.

"மாஸ்டர்" என்றாள் ஆபரேட்டர், "ஒரு முக்கோணத்துல மொத்தம் எத்தனை டிகிரி?"

"நூத்தி எண்பது" என்றது மாஸ்டரின் வாய், பழக்கதோஷத்தில்.

"பதினேழாம் கேள்வியைக் கூட்டுங்க பார்ப்போம்."

மாஸ்டர் கூட்டவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் தாங்கும் என்பார்கள், இவர் புளுகு ஏழாம் நாளே படுத்துவிட்டது. "நான் தேடிப் போகல சார். தானா கைக்கு வந்துச்சு. என் பசங்களுக்கு மட்டும்தான் அனுப்பினேன். அவங்க இப்படி ஊருக்கே அனுப்புவாங்கன்னு..."

"அந்தக் கதையை மூணு மணிக்குச் சொல்லுங்க" என்று தாளை மடித்துப் பையில் வைத்தார் நிதானம்.

திரும்பி வந்தபோது மணி ஒன்றே கால். கர்ட்டன்காரர் பால் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்திலேயே நின்றிருந்தார், அதை எங்கே வைப்பது என்று மறந்தவர்போல. டீச்சர் அதே நாற்காலியில் இருந்தார். நிதானம் தாளை விரித்து மேசையில் வைத்தார். அளவு எழுதிய பக்கம் மேலே இருந்தது.

கர்ட்டன்காரர் உள்ளே வந்து பால் பொட்டலத்தைத் தாளின் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு பக்கம் காலியா இருந்துச்சு" என்றார். "பிரிண்டர்லேர்ந்து டிசைனுக்கு முன்னாடி இது வந்து விழுந்துச்சு. என்னன்னுகூடப் பார்க்கல. அளவெடுத்து, பின்னாடி எழுதி, குடுத்துட்டு வந்துட்டேன். சத்தியமா தெரியாது."

"திங்கட்கிழமை தெரியாது" என்றார் நிதானம். "வெள்ளிக்கிழமை?"

கர்ட்டன்காரர் கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவிக் கையில் சுற்றினார்.

"போட்டோ வந்ததும் பார்த்தேன். என் எழுத்து எனக்குத் தெரியாதா? அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிடணும்னு வந்தேன். அதுக்குள்ள இவளை நிறுத்தி வெச்சுட்டாங்க. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நாளாக நாளாக வாய் ஒட்டிக்கிச்சு. கம்ப்யூட்டர்ல ஒரு திருடன் அகப்பட்டா ரெண்டு பேரும் தப்பிச்சுடலாமேன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்." அவர் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "என்னை என்ன வேணா சொல்லு. திட்டு. வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்."

"எனக்குத் தெரியும்" என்றார் டீச்சர்.

ஆபரேட்டரின் கைப்பை நழுவிக் கீழே விழுந்தது.

"திங்கள் சாயங்காலம் பிரிண்டரை ஆன் பண்ணினேன். வெளிய போகலாமான்னு அது கேட்கவே இல்ல. நீங்க தொட்டிருக்கீங்கன்னு அப்பவே தெரியும். பெருசா நினைக்கல. வெள்ளிக்கிழமை போட்டோவைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமா விடைத்தாள் திருத்தறேன், பின்பக்கத்து மை முன்னாடி தெரிஞ்சா நான் தலைகீழாவும் படிப்பேன். நீங்க நாலு போடற மாதிரி வேற யாரும் போட மாட்டாங்க." குரல் அப்போதும் உயரவில்லை. "வீட்டுல வேற யாராவது அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவாங்களான்னு முதல் விசாரணையில கேட்டாங்க. இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்துட்டு இருந்தேன். சனி, ஞாயிறு, திங்கள். தினமும் காப்பி கொண்டுவந்து குடுத்தீங்க, சர்க்கரை போதுமான்னு கேட்டீங்க."

கர்ட்டன்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நிதானத்துக்குத் தாடையில் வலி தெறித்தது. எத்தனையோ திருட்டைப் பார்த்தவர் அவர். திருடனே இல்லாத வீட்டில் இப்படி நிற்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. பாவமாக இருந்தது, இரண்டு பேரையும் பார்த்து.

"உண்மையைச் சொன்னா கவனக்குறைவுன்னு ஒரு கடிதம் குடுப்பாங்க. வேலை போகாது" என்றார். "ஆனா அந்தப் பொய்யில உங்க கையெழுத்து இருக்கு டீச்சர். அதை உங்களால மாத்த முடியாது. இவர்தான் பேசணும்."

"பேசறேன்" என்றார் கர்ட்டன்காரர்.

டீச்சர் எழுந்து போய் முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

விசாரணை அலுவலகத்துத் தாழ்வாரத்தில் ஒரு நீளமான பெஞ்சு. நிதானமும் ஆபரேட்டரும் ஒன்றரை மணி நேரம் அதில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே முதலில் கர்ட்டன்காரரின் குரல் கேட்டது, உடைந்து, பிறகு தெளிந்து. அப்புறம் டியூஷன் மாஸ்டரை அழைத்துக்கொண்டு ஒரு காவலர் உள்ளே போனார். 

கதவு திறந்தது. கர்ட்டன்காரர்தான் முதலில் வந்தார். ஆறு நாளாக முதுகில் ஏறியிருந்த பாரம் இறங்கிய மனிதரின் நடை. "திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க சார்! பொய் வாக்குமூலத்துக்கு ஒரு கண்டிப்புக் கடிதம், இனி வினாத்தாள் வேலை கிடையாது, அவ்வளவுதான். மாஸ்டர் மேல வழக்கு. எல்லாம் முடிஞ்சுது. வா, வீட்டுக்குப் போலாம்."

டீச்சர் கைப்பையை மூடினார். "ஆபரேட்டரம்மா, நீங்க போற வழியிலதான் எங்க அக்கா வீடு. என்னை அங்க இறக்கி விடறீங்களா?"

"தாராளமா" என்றாள் ஆபரேட்டர்.

கர்ட்டன்காரரின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. "அக்கா வீட்டுக்கா? இப்போ எதுக்கு? எப்ப வருவே?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். கோபமாகச் சொல்லவில்லை, கெடு வைக்கவும் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"எனக்கு இன்னும் உங்க மேல கோபம் வரலைங்க. வந்ததும் வீட்டுக்கு வரேன்."